சம்பந்தி பேசும்போது போட்ட கெட்டிமேளம்

தம்பி,

நீ என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்", "சரி" என்று இரண்டு சொல்லோடு "அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய். உன்மேல் தப்பில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் நான் வழக்கம்போல பாதியில் நழுவிவிடுவேன் என்பது எனக்கே தெரியும். எழுதினால் அப்படித் தப்பிக்க முடியாது என்றுதான் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முகூர்த்த நாளும் இல்லை, கூட்டமும் இல்லை. ஸ்பீக்கர் பெட்டிகளெல்லாம் சுவரோரம் சும்மா கிடக்கின்றன. உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதப் போகிறேன், ஏனென்றால் படித்துவிட்டு இதை நீ ஸ்டெல்லாவுக்கும் காட்ட வேண்டும். உன் அம்மாவுக்கு நான் எழுதுவது தெரியும். "எழுதுங்க. ஆனா அதுலயும் ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு எழுதி வெச்சிடாதீங்க" என்று காலையில் டிபன் கேரியரைக் கையில் கொடுக்கும்போதே சொல்லி அனுப்பினாள்.

உனக்கு விவரம் தெரிவதற்கு முன்பிருந்தே சிதம்பரத்தில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன் நான். சிவப்புத் துண்டு போட்டவர்கள் ஆர்ப்பாட்டத்துக்கும் நம் பெட்டிதான், காவித் துண்டு போட்டவர்கள் ஊர்வலத்துக்கும் நம் பெட்டிதான். காலையில் ஒருத்தர் திட்டிய அதே மைக்கில் சாயங்காலம் இன்னொருத்தர் அவரைத் திருப்பித் திட்டுவார். நடுவில் மைக்கைத் துடைத்து வைப்பதோடு என் வேலை முடிந்தது. நீ சின்ன வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் பையைக் கழற்றாமலே வந்து, "நாம எந்தக் கட்சிப்பா?" என்று கேட்டாய். "நாம மைக்செட்டுக் கட்சிடா" என்றேன். மறுநாள் நீ அதை அப்படியே போய்ச் சொல்லி வகுப்பே சிரித்ததாம். அதை நானும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். உன் தாய்மாமா வலதுபக்கம் சாய்ந்த ஆள். என் பழைய சிநேகிதர் கலியபெருமாள் தொழிற்சங்கத்துக்காரர். இரண்டு பேரும் நம் கடை பெஞ்சில் டீயைக் குடித்துக்கொண்டே மல்லுக்கட்டுவார்கள். "நீங்களே சொல்லுங்க மச்சான், யாரு சொல்றது சரி?" என்று மாமா என்னைக் கேட்பார். "ரெண்டு பேரு சொல்றதுலயும் பாயிண்ட் இருக்கு" என்பேன். ஊரில் என்னைப் பொதுவான ஆள் என்றார்கள். அதை நான் ஒரு பட்டம்போல உள்ளுக்குள் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் நான் நடுவில் நிற்பவன் என்பது பொய் இல்லை, தம்பி. அதை நீ நம்ப வேண்டும். உன் பெரியப்பா வேலை பார்த்த மில் ஒரு வேலைநிறுத்தத்தில் மூடியது, பிறகு திறக்கவே இல்லை. கொடி பிடித்தவர்கள் அடுத்த ஊர் மில்லுக்குப் போய்விட்டார்கள். பெரியப்பா வாட்ச்மேன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏ.டி.எம். வாசலில் உட்கார்ந்தார். கலியபெருமாளின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லாததை நீ பார்த்திருக்கிறாய். அவை எந்திரத்தில் போன அன்று, அவர் தங்கள் கம்பெனியில் வேலையே பார்க்கவில்லை என்று முதலாளிமார் சாதித்தார்கள். இந்த இரண்டையும் கிட்டே இருந்து பார்த்தவன் நான். அதனால் தொழில் நடத்துகிறவன் இல்லாமல் சோறு வராது என்றும், அவன் கையைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாவிட்டால் அவன் நிற்கமாட்டான் என்றும் சேர்த்தே நம்புகிறேன். சாமி விஷயத்திலும் அப்படித்தான். கோயிலுக்குப் போவேன், விழுந்து கும்பிடுவேன், ஆனால் அந்தச் சாமியைச் சொல்லி ஒருத்தரை வாசலில் நிறுத்துவது எனக்கு ஆகாது. இதெல்லாம் மரியாதையான எண்ணங்கள்தான். வெட்கக்கேடு என்னவென்றால், இவற்றைச் சொல்ல வேண்டிய ஆளிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை. மில் மூடிய கதையைக் கலியபெருமாளிடம் சொல்லியிருக்க வேண்டும். அதை நான் மாமாவிடம் சொன்னேன். விரல் போன கதையை மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சங்கத்துக்காரர்களிடம் சொன்னேன். எதிரே இருப்பவர் எந்தப் பாதிக்குத் தலையாட்டுவாரோ அந்தப் பாதியை மட்டும் எடுத்துக் கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

வீட்டிலும் அதே புத்திதான். நீ ஸ்டெல்லாவைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு உன் அம்மா அழுதாள், கோபப்பட்டாள், "அவுங்க வேற மதம், வேற ஆளுங்கடா, நம்ம சொந்தக்காரங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்று கேட்டாள். பிறகு ஒரு வாரத்தில் அவளே போனில் ஸ்டெல்லாவிடம் பேசி, இப்போது இரண்டு பேரும் எந்நேரமும் புடவைக் கதைதான் பேசுகிறார்கள். நான் அன்றைக்கு என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லப்பா" என்றேன். சந்தோஷம் என்று சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. சர்க்கார் ஆபீசில் தடையில்லாச் சான்று கொடுப்பதுபோலக் கொடுத்தேன். புவனகிரிச் சொந்தக்காரர்கள் வந்து கேட்டபோது, "பசங்க முடிவு பண்ணிட்டாங்க, நாம என்ன சொல்ல முடியும்?" என்று கையை விரித்தேன். அவள் நல்ல பெண், எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையில் எனக்கு அவளைப் பார்த்த அன்றே பிடித்துப்போயிற்று. அதைக்கூட இப்போதுதான் எழுதுகிறேன், பார்.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். கடலூரை ஒட்டியிருக்கும் அந்த ரசாயன ஆலையைப் பெரிதாக்குவது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம். கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மைக்செட் நம்முடையது. மேடையில் அதிகாரிகள், கீழே இடதுபக்கம் ஆலையே கூடாது என்கிற சிவப்புத் துண்டுக்காரர்களும் சுற்றுக் கிராமத்து ஜனங்களும், வலதுபக்கம் ஆலை பெரிதாகட்டும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும் என்கிறவர்கள். அந்தப் பக்கத்துக்குத் தலைவர் மாதிரி ஒரு காண்ட்ராக்டர். பக்கத்துக்கு ஒரு மைக். நான் நடு வழியில் ஓரமாக, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேர் கொடுத்தவர்களை வரிசையாகக் கூப்பிட்டார்கள். அதில் ஆரோக்கியமேரி என்று கூப்பிட்டதும்தான் ஸ்டெல்லாவின் அம்மாவும் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர் அல்லவா, பயமில்லாமல் நிதானமாக ஆரம்பித்தார். "நான் புள்ளைங்களுக்குச் சமைக்கிறவ. எங்க ஊரு போர் தண்ணில இப்ப பருப்பு வேக மாட்டேங்குது. எவ்ளோ நேரம் அடுப்புல வெச்சாலும் கல்லு மாதிரி நிக்கிது. பருப்புக்கே இப்படின்னா, அந்தத் தண்ணியக் குடிக்கிற புள்ள வயித்துக்கு..." என்றார். அதற்குள் காண்ட்ராக்டர் அந்தப்பக்க மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "யாரோ எழுதிக் குடுத்தத ஒப்பிக்காதம்மா!" என்று கத்தினார். சிவப்புத் துண்டுகள் எழுந்தன. நாற்காலி ஒன்று சாய்ந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் சண்டை வந்தால் மைக்கை நிறுத்திவிட்டுப் பாட்டைப் போட்டுவிட வேண்டும். கட்சிக் கூட்டமானாலும் திருவிழா ஆனாலும் இது பலிக்கும். பத்து நிமிஷத்தில் கோபம் இறங்கிவிடும். யாரும் எனக்குச் சொல்லவில்லை, மேடையிலிருந்து சைகையும் வரவில்லை. என் கை தானாகப் போய் இரண்டு மைக்கையும் இறக்கியது. பென்டிரைவைத் தட்டினேன். அது முந்தின நாள் முகூர்த்தத்துக்குப் போட்ட பென்டிரைவ். மண்டபம் முழுக்கக் கெட்டிமேளம் கொட்டியது. தாலி கட்டும் நேரத்தில் அபசகுனமான சொல் எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்காக அடிக்கிற கெட்டிமேளம், தம்பி. என் சம்பந்தி பேசிய பேச்சின்மேல் அதைக் கொட்டினேன். அவருக்கு மைக் நின்றது தெரியவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு மைக்கைத் தட்டிப் பார்த்தார். வலதுபக்கம் சிரிப்புக் கிளம்பியது. இடதுபக்கத்திலும் சிலர் சிரித்ததை நான் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். நான் குனிந்து ஒயரைச் சரிசெய்வதுபோல இருந்துகொண்டேன். கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். அதை எவனோ வீடியோ எடுத்துப் போட்டு, நாலு ஊர் சிரித்து, அது உன் போனுக்கும் வந்தது.

அன்றைக்கு நீ கூப்பிட்டபோது நான் என்ன சொன்னேன்? "ரெண்டு மைக்கையும்தானடா நிறுத்தினேன்? ஒரு பக்கமா நிறுத்துனேனா?" என்று கேட்டேன். நீ, "அந்தக் காண்ட்ராக்டருக்கு மைக் எதுக்குப்பா? யாருகிட்ட என்ன பேசணுமோ அவரு போன்லயே பேசிக்குவாரு. ஸ்டெல்லா அம்மாவுக்கு அந்த அஞ்சு நிமிஷந்தாம்பா" என்றாய். நான், "சண்டை பெருசாயிருந்தா என்ன ஆவறது?" என்று இழுத்தேன். "கல்யாணத்துக்கு வாங்க. மேடைக்கு வர வேணாம். மைக்செட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். மைக்செட்காரன் மகன் கல்யாணத்துக்கு வேறு ஆள் பெட்டி. அதைக் கேட்டு எனக்கு முதலில் வந்தது கோபம். பத்து நாள் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் உன் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். நான் எந்தப் பக்கமும் சாயாதவன், அதற்கா எனக்கு இந்தத் தண்டனை என்று கேட்டேன். அவள் என் தட்டில் சோற்றை வைத்தாள்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமே வீண். கூட்டத்தில் சம்பந்தி பெயரைக் கூப்பிட்டதும் வரிசையிலிருந்து மைக் வரைக்கும் நடந்து வந்தார் அல்லவா, அந்தச் சின்ன இடைவெளியில் காண்ட்ராக்டர் என் பக்கம் குனிந்து, "யாருய்யா இந்தம்மா, மைக்செட்டு? உன்னப் பாத்துச் சிரிக்கிது, தெரியுமா?" என்று கேட்டார். என் சம்பந்தி என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று முழுப் பொய்யாவது சொல்லியிருக்கலாம். நான், "பாத்த மாதிரி இருக்குங்க" என்றேன். பார்த்த மாதிரி! அவர் வீட்டில் உட்கார்ந்து தட்டு மாற்றியவன், அவர் பரிமாறிய பாயசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கிக் குடித்தவன் சொன்ன வார்த்தை அது. அவரை எனக்குத் தெரியும் என்றால் நானும் அந்தப் பக்கம் என்று எண்ணிவிடுவார்களோ என்ற பயம். அவர் யார், எந்த ஆட்கள் என்று அடுத்த கேள்வி வருமோ என்ற பயம் அதற்கும் அடியில் இருந்தது. சண்டையை நிறுத்தத்தான் மைக்கை நிறுத்தினேன் என்று நானே பத்து நாள் நம்பினேன். அது பாதிதான். அவர் இன்னும் இரண்டு வார்த்தை பேசி, என்னைக் கைகாட்டி "எங்க சம்பந்தியே இங்க இருக்காரு" என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் என் கை அவ்வளவு வேகமாகப் போனது. இதை எழுதும்போது எனக்கு முகம் எரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். கடலூர் பஸ் ஏறி, அவர் ஊர் ஸ்டாப்பில் இறங்கி நடந்தேன். கையில் பழம், பூ ஒன்றும் எடுத்துப் போகவில்லை. சம்பந்தி முறைக்குப் போவதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் அப்போதுதான் மாதா கோவிலிலிருந்து வந்து, ஜெபமாலையை ஆணியில் மாட்டிவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஸ்டெல்லாவின் அப்பா இறந்ததிலிருந்து அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாகத்தான் இருப்பார் போலிருக்கிறது. "வாங்கண்ணே" என்று நாற்காலியைப் போட்டார். குரலில் ஒன்றும் இல்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தேம்மா" என்றேன்.

"எதுக்கு? கல்யாணம் நின்னுடுமோன்னா? அது நிக்காது, பயப்படாதீங்க" என்றார், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

காண்ட்ராக்டர் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். கீரைக்காம்பை ஒடித்த கை நின்றது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வெளியே யாரோ தண்ணீர் கேன் உருட்டிக்கொண்டு போனார்கள். அவர், "இத நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம். எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். அழுதேன், தம்பி. அவர் சமாதானம் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார், அழுது முடிக்கட்டும் என்று.

பிறகு கேட்டார், "சரி, அந்த ஆலையப் பத்தி நீங்க என்னதான் நெனைக்கிறீங்க? இத்தினி பேரு பேச்ச ஊருக்கெல்லாம் கேக்க வெக்கிறீங்க, நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் மனம் குளிர, மூடத்தான் வேண்டும் என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதுதான் என் பழைய வித்தை. வலுக்கட்டாயமாக அதை முழுங்கினேன். "ஆலை பெருசாகட்டும்னுதாம்மா நான் நெனைக்கிறேன்" என்றேன். "ஆனா மொதல்ல உங்க தண்ணிய சரி பண்ணணும். வெளியாளு வந்து சோதிக்கணும், அத ஊர் பாக்க எழுதி ஒட்டணும். அதுக்கு முன்ன ஒரு செங்கல் கூட வெக்கக் கூடாது. மூடிடுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. எங்கண்ணன் மில்லு மூடுனதப் பாத்தவன் நான்."

அவருக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "இதத்தான அப்பவும் சொன்னாங்க? எல்லாம் சரியாத்தான் செய்வோம்னு கையெழுத்துப் போட்டுத்தான உள்ள வந்தாங்க? சரி பண்ணாங்களா? அண்ணன் மில்லு மூடுனா வேற வேலைக்குப் போலாம். எங்க கெணத்த நாங்க எங்க தூக்கிட்டுப் போறது? நீங்க நெனைக்கிறது தப்புண்ணே, சுத்தத் தப்பு" என்றார். நான் தலையாட்டவில்லை. வேலை இல்லாத பையன்கள் நிலைமையைச் சொன்னேன். அவர் அதற்கு ஒன்று சொன்னார். அவர் சொன்னதில் ஒன்றுக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை: சரிசெய்யாவிட்டால் நிறுத்துவது யார் என்று கேட்டார். மத்தியானம் வரைக்கும் சண்டை போட்டோம். கடைசியில் அவர் எழுந்து, "நீங்க எனக்காகப் பேச வேணாம். நீங்க நெனைக்கிறதப் பேசுங்க. நான் எழுந்து அதுக்குப் பதில் சொல்றேன். சாப்ட்டுப் போங்க" என்றார். கேன் தண்ணீரில் வைத்த சாம்பார். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

என்னை அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. சோறு போட்டார், அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.

ஒத்திவைத்த கூட்டம் உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நடக்கிறது. அதற்கு வேறு மைக்செட் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பேசுகிறவர்களில் ஒருத்தனாக என் பெயரைக் கொடுத்துவிட்டேன். செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? காண்ட்ராக்டர் போன் பண்ணி, "நீயும் பேசப் போறியாமே, எந்தப் பக்கம்?" என்றார். தண்ணீரைப் பற்றிச் சொன்னதும் வைத்துவிட்டார். மாமா வந்து, "என்ன மச்சான், நீங்களும் செவப்பாயிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்காமல் போனார். கலியபெருமாளிடம் ஆலை பெரிதாகட்டும் என்று சொன்னேன். விரல் இல்லாத அந்தக் கையை என் முன்னால் நீட்டிக் காட்டிவிட்டுப் போனார். அது வலித்தது. இத்தனை வருஷமாக இரண்டு பேரையும் சிநேகிதமாக வைத்திருந்தேன் என்று நினைத்தேன். இரண்டு பேருக்குமே நான் யார் என்று தெரியாமல்தான் இருந்திருக்கிறது. பெஞ்ச் இப்போது காலியாக இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அப்பன் என்ற உரிமையில் ஒன்றே ஒன்று. நீ இடதுபக்கம் போ, வலதுபக்கம் போ, என்னைப்போல நடுவிலேயே நில், எனக்கு வருத்தமில்லை. நடுவில் நிற்பவனைத்தான் இரண்டு பக்கமும் திட்டும். திட்டே விழவில்லை என்றால் நீ எங்கோ ஒளிந்திருக்கிறாய் என்று சந்தேகப்படு. வீட்டிலும் அப்படித்தான். நாளைக்கு ஸ்டெல்லாவுக்கும் உன் அம்மாவுக்கும் ஒரு பேச்சு வரும், வராமல் இருக்காது. அப்போது டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு நான் பொதுவான ஆள் என்று உட்கார்ந்துவிடாதே. உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் சொல், தப்பாகப் போனால் போகட்டும்.

மேடை விஷயத்தில் நீ சொன்னதை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. கீழே உட்காரச் சொன்னால் கீழே உட்கார்ந்து அட்சதை போடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கூட்டத்துக்கு வந்துவிடு. நான் பேசப்போவது உனக்கும் பிடிக்காது, தெரியும். என் குரல் நடுங்கும். மற்றவர்கள் பேச்சைச் சரிசெய்தே பழகியவனுக்கு நாலு பேர் முன்னால் சொந்தக் குரலில் பேசி வழக்கமில்லை. நான் முடித்ததும் உன் மாமியார் எழுந்து, நான் சொன்னது தப்பு என்று பேசுவார். நீ அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திரு. இத்தனை வயசில் முதல்தடவையாக, மறுத்துப் பேச என்னிடத்தில் ஒருத்தருக்கு ஏதோ கிடைத்திருக்கிறது. அதை நீ நேரில் வந்து கேட்க வேண்டும்.

உன் அப்பா